போதும் என்று சொல்லத் தெரியாத பூஞ்சை

ரொட்டியில் பூசணம் பிடித்தால் மற்ற வீடுகளில் தூக்கிக் குப்பையில் போடுவார்கள். அவள் வீட்டில் அதை ஒரு தட்டில் வைத்து அவளிடமே நீட்டுவார்கள். "உன் சொந்தக்காரங்க வந்திருக்காங்க, விசாரிச்சு அனுப்பு" என்பார் மாமியார். தொழிற்சாலையில் அவளுக்குப் 'பூசணம் மேடம்' என்று பெயர். அங்கே அதில் கொஞ்சம் மரியாதையாவது கலந்திருந்தது. வீட்டில் அதுவும் கிடையாது.

அவள் செய்துகொண்டிருந்தது லேசுப்பட்ட காரியமல்ல. புதுத் துணியை மெத்தென்று ஆக்குவதற்குத் துணி ஆலைகளுக்கு ஒரு என்சைம் வேண்டும். அதைச் சுரப்பது ஒரு பூஞ்சை. வைக்கோலோ மரத்தூளோ எதைக் கொடுத்தாலும், நூல் நூலாகப் படர்ந்து, என்சைமைக் கக்கி, அந்தத் தீனியைச் சர்க்கரையாக உடைத்துத் தின்னும். சர்க்கரையையே நேராகக் கொடுத்தால் பூஞ்சை நன்றாகக் கொழுக்கும். ஆனால் என்சைமை நிறுத்திவிடும். தட்டில் சோறு இருக்கும்போது எவன் உலை வைப்பான்? அதன் உள்ளே ஒரு ஜீன் உட்கார்ந்துகொண்டு, "போதும், வயிறு நிறைஞ்சாச்சு, கடையைச் சாத்து" என்று உத்தரவு போடுகிறது. வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி அந்த ஜீனை அவள் வெட்டி எடுத்திருந்தாள். இனி இது தின்னத் தின்ன வேலை பார்க்கும் என்பது அவள் கட்சி.

"உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு. உன் பூசணம் என்ன, தொண்டனை விட ஒசத்தியா?" என்றார் மாமியார்.

மாமியார் இதில் அனுபவசாலி. மூத்த மகன், அதாவது அவள் கணவன், சரக்கு ஏற்றும் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவன். இளையவன் சோபாவோடு சுற்றுகிறவன். முப்பது வயது தாண்டியும் கொழுந்தனுக்கு ஒரு வேலை அமையவில்லை. அம்மா மூன்று வேளையும் தட்டில் மலைபோல் குவிப்பார். அவன் மலையைச் சமன்செய்துவிட்டுச் சாய்வான். கெட்டவன் இல்லை. யாரையும் எதிர்த்துப் பேச மாட்டான், பொய் சொல்ல மாட்டான். பொய் சொல்லவும் கொஞ்சம் உழைக்க வேண்டுமே!

இந்த நிலையில்தான் முதலாளி அவளைக் கூப்பிட்டார். "கண்ணாடிக் குடுவையில எல்லாம் அழகாத்தான் இருக்கு, மேடம். பெரிய டேங்க்ல ஒரே ஒரு தடவை காட்டுங்க. ஜெயிச்சா உங்க பூஞ்சைதான் இனிமே. இல்லேன்னா உங்க லேபைப் பூட்டிட்டு, நீங்க பாக்கிங்குக்குப் போயிடுங்க." முதலாளி கறாரானவர். பூட்டு என்றால் பூட்டுதான்.

குடுவையில் ஓடுவதெல்லாம் டேங்க்கில் ஓடிவிடாது. 'என் பிள்ளை கல்லைத் தின்றாலும் செரிப்பான்' என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு, வீட்டில் கஞ்சியை ஆற்றி ஆற்றிச் சங்கில் புகட்டுகிற தாயைப் போல, அவளும் ஒரு ஏற்பாடு செய்தாள். சர்க்கரைப் பாகை மொத்தமாக விடக் கூடாது. கொஞ்சம் விட்டு, வால்வை மூடி, பூஞ்சை அதைத் தின்று தீர்த்த பிறகே மறுபடி விட வேண்டும். இதே பக்குவத்தைத்தான் ஜீனை வெட்டாத பழைய பூஞ்சைக்கும் எல்லோரும் செய்து வந்தார்கள். தான் படைத்ததைத் தானே நம்பவில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வால்வுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. மாமியாருக்கு எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ!

"உக்காந்தே பாக்குற வேலையாமே. அவனுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. கூடப் பொறந்த தம்பியா இருந்தா விட்டுடுவியா?"

"அத்தை, இது என் வாழ்வா சாவா விஷயம்."

"அவனுக்கும் அப்படித்தான்."

அடுத்து மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொழுந்தனுக்கு வேலை கிடைத்தது.

ஆச்சரியம் என்னவென்றால், அவன் ஒழுங்காகவே வேலை பார்த்தான். காலையில் டேங்க்குக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடி ஜன்னல் வழியே உள்ளே சுழலும் கூழை வேடிக்கை பார்த்தான். வால்வைத் திறந்தான், மூடினான். அவள் சாம்பிள் எடுத்துப் பார்த்தாள், என்சைம் வந்துகொண்டிருந்தது. பிரமாதம் என்று சொல்ல முடியாது, மோசமும் இல்லை. கொழுந்தனை அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

மதியம் மாமியார் கொடுத்தனுப்பிய நாலடுக்கு டிபன் கேரியரை அவன் திறந்தான். மகன் முதன்முதலாக உழைக்கப் போயிருக்கிறான் என்று அம்மா வழக்கத்தை விட இரண்டு மடங்கு கட்டியிருந்தார். அவன் நாலடுக்கையும் காலி செய்தான், கை கழுவினான், வால்வைத் திறந்தான், நாற்காலியில் சாய்ந்தான்.

மாடியில் இன்னொரு கருவியோடு போராடிவிட்டு அவள் இறங்கி வந்தபோது, டேங்க் அறையில் இரண்டு சத்தங்கள் கேட்டன. ஒன்று மோட்டார். மற்றது குறட்டை. வால்வு ஆவென்று திறந்து கிடந்தது. பாகு டிரம்மில் அடி வண்டல்தான் மிச்சம்.

"டேய்!"

அவன் பதறி எழுந்தான். வால்வைப் பார்த்தான், டிரம்மைப் பார்த்தான், கடைசியாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணி... கண்ணை மூடித் திறந்தேன். அவ்வளவுதான்."

"நடுவுல ஒரு டிரம் போயிருக்குடா!"

அவளுக்கு அழுகை முட்டியது. அத்தனை வருஷ உழைப்பும் பாகில் மூழ்கிவிட்டது. நாளை முதல் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட வேண்டியதுதான். இருந்தாலும் பழக்கம் விடுமா? அழுதுகொண்டே சாம்பிள் எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனாள். செத்ததைப் பரிசோதித்துச் செத்தது என்று எழுதுவதும் அவள் வேலைதானே.

என்சைம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நிறம் ஏறும் பரிசோதனை அது. காலையில் வெளிர் மஞ்சளாக வந்தது, இப்போது கருகிய பழுப்பாக வந்தது. மருந்தை மாற்றிக் கலந்துவிட்டோமோ என்று திரும்பச் செய்தாள். அதே பழுப்பு. சாம்பிளில் தண்ணீரைக் கலந்து கலந்து பார்த்தாள். அப்போதும் காலையில் வந்த மஞ்சளை விட அடர்த்தியாகவே நின்றது. பாகில் முக்கியெடுத்தும் அந்தப் பூஞ்சை கடையைச் சாத்தவில்லை. தின்று கொழுத்துக் கிளை கிளையாகப் பிரிந்து, அத்தனை நுனியிலும் என்சைமைக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் நினைத்ததைச் சாதித்துவிட்டாள். நம்பத்தான் தெரியவில்லை.

சாயங்காலம் முதலாளி வந்தார். கணக்கைப் பார்த்தார், காலி டிரம்மையும் பார்த்தார். "பாகை மொத்தமா விட்டது யாரு?"

உண்மையைச் சொன்னால் கொழுந்தன் தொலைந்தான். "என் திட்டந்தான் சார்" என்று சொல்லிவிட அவள் வாயைத் திறந்தாள்.

"நான்தான் சார்" என்றான் கொழுந்தன். "சாப்பிட்டேன், தொறந்தேன், தூங்கிட்டேன். அண்ணி மேல எந்தத் தப்பும் இல்ல."

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "மேடம், நீங்க திட்டம் போட்டுச் செஞ்சிருந்தா ஏதோ ஜோடிச்சிருக்கீங்கன்னு நெனச்சிருப்பேன். தூங்குறவன் எதை ஜோடிப்பான்? இனிமே உங்க பூஞ்சைதான். அது சரி, தொறந்து விட்டுட்டுத் தூங்கினாலே இவ்வளவு வருதுன்னா, அந்த வால்வுக்கு எதுக்கு ஒரு ஆளு?"

"உண்மையைச் சொன்னவனுக்கு இதுதான் பரிசா, சார்?" அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் அவனுக்காக அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"உண்மைக்கு நன்றி. ஆனா தூக்கத்துக்குச் சம்பளம் கெடையாது."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் குமுறிக்கொண்டே வந்தாள். அவன் காலி கேரியரை ஆட்டிக்கொண்டு வந்தான். "விடுங்க அண்ணி, நீங்க ஜெயிச்சுட்டீங்கல்ல?" என்றான். அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

கதவைத் திறந்த மாமியார் இரண்டு முகங்களையும் பார்த்தார். நடந்ததையெல்லாம் அவன்தான் சொன்னான், ஒன்றையும் மறைக்காமல்.

மாமியார் ஊரைக் கூட்டிவிட்டார். "அடிப்பாவி! எம்புள்ளை வேலையைக் கொண்டுபோய் ஒரு பூசணத்துக்குக் குடுத்துட்டு வந்து நிக்கிறியே!"

"அம்மா, நான் தூங்கினப்பக்கூட அது வேலை பாத்துச்சும்மா. எவ்வளவு கொட்டினாலும் நிறுத்தல."

"எவ்வளவு கொட்டினாலுமா?"

"ஒரு டிரம்மு."

மாமியார் அப்படியே உட்கார்ந்தார். மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"அவ வளத்தது ஒழைக்குது. நான் வளத்தது தூங்குது" என்றார். "அவளைச் சொல்லி என்ன பிரயோஜனம்?"

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமியார் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று அவள் ஏங்கியது உண்டு. இன்றைக்கு வந்துவிட்டது. சந்தோஷப்படலாம் என்று திரும்பினால், எதிரே கொழுந்தன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அந்த வீட்டில் முதன்முறையாக உட்காராமல் நின்றுகொண்டிருந்தான்.