மூன்று கூடங்கள், பதினான்கு நாற்காலிகள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் தலையில் கட்டப்பட்டது. வாரப் பத்திரிகை ஆசிரியர் ஒரு தாளை நீட்டினார். 'சீசன் ஊழியர்களுக்கு நிர்வாகம் செய்ய வேண்டியவை.' மொத்தம் முப்பத்தொரு விதிகள்.

"இதுல ஒரு கதை பண்ணுங்க சார். காதல் இருந்தா நல்லது."

முப்பத்தொன்றையும் படித்தேன். காதல் இல்லை. ஒன்பதாவது விதியில் ஒரு நாற்காலி இருந்தது: 'நின்று வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், நாலு மாத ஆளாக இருந்தாலும், உட்கார ஓர் இருக்கை.'

அதிகாலைப் பனியில் அந்தப் பழக் கிடங்கு ஒரு கனவைப் போல...

(அடித்துவிட்டேன். பழக் கிடங்கு கனவைப் போல இருக்காது. பழக் கிடங்கைப் போலத்தான் இருக்கும்.)

2

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கிடங்கில் தரம் பிரிக்கும் கூடங்கள் மூன்று. கூடத்துக்குப் பதினான்கு பெண்கள். ஓடும் பட்டையில் உருண்டு வரும் பழங்களில் அடிபட்டதைப் பொறுக்கி எறிய வேண்டும், எட்டு மணி நேரமும் நின்றபடி. எல்லோரும் சீசன் ஆட்கள். அவர்களை மேய்க்கும் (வேண்டாம், கோபித்துக்கொள்வாள்), அவர்களை மேற்பார்வையிடும் விசிலக்காவும் சீசன் ஆள்தான். வருடத்துக்கு நாலு மாதம், எட்டு வருடமாக. பட்டையை நிறுத்த விசில் ஊதுவதால் அந்தப் பெயர்.

அன்று காலை மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"ஆளுக்கொரு நாற்காலி இருக்கான்னு பாக்க தொழிலாளர் ஆய்வாளர் அம்மா பத்து மணிக்கு வர்றாங்க. ஆபீஸ், கேன்டீன் எல்லாம் சேர்த்துப் பதினாலு நாற்காலி தேறும்."

"ஆளு நாப்பத்திரெண்டு சார்."

"அவங்க ஒரே நேரத்துல மூணு கூடத்துலயுமா நிப்பாங்க? ஒண்ணைப் பாத்துட்டு அடுத்ததுக்கு நடந்து போறதுக்குள்ள, நாற்காலி பின்வாசல் வழியா அங்க போயிடணும். அவ்வளவுதான்!"

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளைக் காட்டி மூடினார். விசிலக்காவுக்கு நிரந்தர வேலை உத்தரவு. கையெழுத்து மட்டும் பாக்கி.

(இங்கே அவள் மறுப்பதாக எழுதிப் பார்த்தேன். மறுக்க மாட்டேன் என்கிறாள். எட்டு வருடம் ஐயா!)

3

முதல் கூடத்தில் எல்லாம் ஜோர். ஆய்வாளர் பதினான்கு நாற்காலிகளையும் எண்ணி எழுதினார். அவர் கைகழுவும் குழாயைத் திறந்து பார்ப்பதற்குள், பழம் ஏற்றும் வண்டியில் நாற்காலிகள் கால்களை மேலே தூக்கிக்கொண்டு பறந்தன. பின்னால் விசிலக்கா, ஒரு கையில் செருப்பு.

இரண்டாம் கூடத்திலும் எண்ணிக்கை முடிந்தது. ஆய்வாளர் முதலுதவிப் பெட்டியைப் பார்க்க வெளியே போனார். விசில் பறந்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிங்கடி! நாற்காலி அடுத்த கூடத்துக்குப் போகணும்!"

"எந்த நாற்காலிக்கா?" என்றாள் நெட்டை என்று பட்டப்பெயர் வாங்கிய ஒருத்தி, காலை நீட்டிக்கொண்டு.

"உனக்குக் கீழ இருக்கே, அது!"

"ஐயோ, இதுவா? இது எனக்குன்னு இப்பத்தானே அந்தம்மா எழுதிட்டுப் போனாங்க. எழுதினதை நான் பொய்யாக்கலாமா?"

"அடியே, என் பொழப்புல மண்ணைப் போடாதே!"

"சீசன் முடிஞ்சா உங்களுக்கும்தானேக்கா கதவைச் சாத்துறாங்க? வாங்க, பாதி தள்ளிக்கறேன். ஒரு நிமிஷம் உக்காந்து பாருங்க."

நெட்டைக்கு இழுப்பறைத் தாள் பற்றித் தெரியாது. விசிலக்கா திட்டுவதற்காகத்தான் குனிந்தாள். எப்படியோ உட்கார்ந்துவிட்டாள். பாதி நாற்காலிதான். முழங்கால் இரண்டும் 'அப்பாடா' என்றன. (முழங்கால் பேசாது என்று ஆசிரியர் இதை வெட்டக்கூடும். அவர் நின்று பார்த்ததில்லை.)

4

"சூப்பர்வைசர் யாரும்மா?"

மூன்றாம் கூடத்திலிருந்து ஆய்வாளரின் குரல். விசிலக்கா ஓடினாள். அங்கே பதினான்கு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நாற்காலி ஒன்றுகூட இல்லை.

"இங்க நாற்காலி எங்கம்மா?"

ஆய்வாளரின் முதுகுக்குப் பின்னால் மேனேஜர், ஒன்றும் சொல்லாதே என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

முடிவு அ: "பெயிண்ட் அடிக்கப் போயிருக்குங்க." உத்தரவில் கையெழுத்து விழுகிறது. கண்ணாடி போட்ட ஆபீஸ் அறையில் அவளுக்கு நாற்காலி. மற்ற நாற்பத்திரண்டு பேரும் நிற்கிறார்கள்.

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறாள். நீங்கள் கைதட்டுகிறீர்கள். அந்தக் கைதட்டல் எனக்கு வரும். அவளுக்கு அடுத்த சீசனுக்கு அழைப்பு வராது.

முடிவு இ: மேனேஜர் மனம் திருந்தி, கண்ணில் நீர் மல்க...

(அடித்துவிட்டேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

5

இரண்டில் எது என்று நான் நகம் கடித்துக்கொண்டிருந்தபோது, விசிலக்கா ஆய்வாளரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க உக்காந்துதானே எழுதறீங்க?"

"ஆமாம்மா."

"சாஞ்சுக்கிட்டா?"

"கொஞ்சம்."

"எந்திரிங்க. நின்னுக்கிட்டு யோசிங்க. அப்புறம் சொல்லுங்க, நான் என்ன பதில் சொல்லணும்னு."

எழுந்துவிட்டேன். இந்த வரிகளை நின்றபடிதான் எழுதுகிறேன். பதினேழு நிமிடம் ஆகிறது. இடது கால் மரத்துவிட்டது, கையெழுத்து கோணுகிறது. சற்று முன்பு அ, ஆ என்று அவ்வளவு சுலபமாகப் பிரித்தவன் யார் என்று எனக்கே தெரியவில்லை.

ஆய்வாளர் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார். விசிலக்கா வாயைத் திறக்கிறாள்.

என்ன சொன்னாள் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவசரமில்லை. ஆனால் தயவுசெய்து எழுந்து நின்று.