மச்சான் தந்த நாலு சில்லுகள்

…உரசும் என்றால் எவ்வளவு உரசும், ஒரு நூல் அளவா, ஒரு விரல் அளவா, அதைத்தானே கேட்டார், அதற்கு மெக்கானிக் ஜதுர்சன் கையிலிருந்த கிறீஸைத் துணியில் துடைத்துக்கொண்டு, “போல்ட் எல்லாம் மட்ச் ஆகுது அங்கிள், பூட்டலாம், பட் ஸ்டியரிங்கை முழுசா வளைக்கேக்க சில்லு உள்பக்கம் உரசும்” என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டான், பூட்டு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, எல்லாரும் இப்படித்தான், முடிவை மட்டும் ஸ்ரீஸ்கந்தராசாவின் மடியில் தூக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கராஜின் காத்திருக்கும் அறையில் ஐந்து கதிரைகள், ஐந்திலும் ஆட்கள், எல்லாருடைய முகத்திலும் ஒரே சலிப்பு, இன்றிரவு பனி கொட்டும் என்று ரேடியோ சொன்னதும் ஸ்காபரோ முழுக்க ஒரே காலையில் விழித்துக்கொண்டு விண்டர் டயர் மாற்ற ஓடி வந்திருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி தவமணியின் கார், காரைத் தூக்கிப் பிடிக்கிற உயர்த்தியில் தொங்குகிறது, நாலு சில்லும் கழற்றிய நிலையில், பல்லுக் கழற்றிய வாய் மாதிரி… அதற்குக் கீழே, மினுங்கிக்கொண்டு, கறுப்பு அலோய் றிம்மோடு, மச்சான் இராஜரட்ணம் தந்த நாலு சில்லுகள். இருபது இன்ச். வடிவுதான், வடிவில்லை என்று யார் சொன்னது. நேற்று இரவு ஷிப்டில் தூக்கிய பெட்டிகள் இன்னும் முழங்காலில் இருக்கின்றன, இப்போது இதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

போன ஞாயிறு வந்தார் மச்சான், தவமணியின் மூத்த அண்ணன், தன் பெரிய வாகனத்தை விற்றுவிட்டாராம், வாங்கியவனுக்கு விண்டர் டயரைக் கொடுக்கவில்லையாம். “சிறி, உனக்கெண்டுதான் வைச்சிருந்தனான், ஆருக்கும் குடுக்கேல்லை, ரெண்டு விண்டர்தான் ஓடினது, சாமான் எண்டால் சாமான்!” என்று ஒவ்வொன்றாக உருட்டி வீட்டுக் கராஜ் சுவரோடு சாத்தினார், அறுபத்து நாலு வயதில் அந்தப் பாரத்தை உருட்டுகிற மனிதரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, சொன்னால் அந்தப் பாரத்தைத் திரும்ப உருட்டச் சொல்வதுபோல அல்லவா. தவமணி தேத்தண்ணி கொண்டுவந்தாள், “அண்ணைக்கு எவ்வளவு கரைச்சல்” என்றாள், மச்சான் கையை உதறினார், அவ்வளவுதான், கொடுத்தாகிவிட்டது, வாங்கியாகிவிட்டது. காருக்கு என்ன அளவு என்று அவரும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. எப்போது கேட்டிருக்கிறார்கள்? இந்த நாட்டுக்கு வந்திறங்கிய முதல் நாள் எயார்போட்டுக்கு மச்சான் கொண்டுவந்த ஜக்கெட் கை விரல்களையும் மூடி ஒரு சாண் தொங்கியது, “குளிருக்குப் பெரிசுதான் நல்லது” என்றார், நாலு விண்டர் அதையே போட்டார் சிறி. பிறகு மச்சானின் வீட்டு பேஸ்மென்ற், வாடகை வேண்டாம் என்றார், நல்ல மனம், ஆனால் கூரை தலையில் இடிக்கும், சிறி மூன்று வருடம் குனிந்தே நடந்தார், இன்றைக்கும் எந்த வாசலிலும் ஒருமுறை தலையைக் குனிந்துவிட்டுத்தான் போகிறார், பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு வாசலால் நுழையாத சோபா, அதைக் கொண்டுவந்து யன்னலைக் கழற்றி ஏற்றினார்கள்…

அதற்காக மச்சானைக் குறை சொல்ல முடியுமா, அதுதானே பெரிய களைப்பு, குறை சொல்ல முடியாமல் இருப்பது. மூத்தவள் பிறந்த இரவு பனிப்புயலில் பஸ் எல்லாம் நின்றுபோக, தவமணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான், முன் கண்ணாடியில் ஒன்றும் தெரியாமல் யன்னலால் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினார், மீசையில் பனி உறைந்துபோயிருந்தது. அப்படிப்பட்ட மனிதர் கெட்டவர் என்றால் எவ்வளவு சுகம், ஒரு சண்டை, ஒரு முகத்திருப்பல், முடிந்துபோயிருக்கும். வருகிற சனி மச்சானின் பேரனுக்குப் பிறந்தநாள், போகாமல் இருக்க முடியாது, கார் வாசலில் நின்றதும் மச்சான் முதலில் சில்லைத்தான் பார்ப்பார், பிறகுதான் ஆளின் முகத்தை. அங்கே இவற்றுக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய இரும்பு றிம்மும் ஒல்லி டயரும் நின்றால்… “என்ன சிறி, நான் தந்தது எங்கை?” சபை நிறைய ஆட்கள், தவமணி கேக் தட்டோடு நிற்பாள். உரசுமாம் மச்சான் என்று சொன்னால் என்ன சொல்வார் என்றுகூடத் தெரியும், “உது சின்ன உரசல், ரேடியோவைக் கூட்டிவிடு, கேளாது!” சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார், சபையும் சிரிக்கும், சிறியும் சிரிக்க வேண்டியிருக்கும், அந்தச் சிரிப்பு இப்போதே கன்னத்தில் வலிக்கிறது.

ஜதுர்சன் மறுபடி வந்தான், இந்தமுறை உட்கார்ந்தே விளக்கினான், பொறுமைசாலிப் பெடியன், முப்பது வயது இருக்கும், இங்கேயே பிறந்தவன். இவை அகலம் அங்கிள், ரப்பர் உயரம் குறைவு, சம்மருக்கு ஷோ காட்டலாம், பனியில் அகல டயர் சேற்றுப்பனிக்கு மேலே மிதக்கும், ஒல்லி டயர் வெட்டிக்கொண்டு கீழே தார் றோட்டுக்குப் போகும், “விண்டருக்குச் சின்ன றிம், ஒல்லி ரயர், ரப்பர் உயரமா இருக்கோணும், குழியில விழுந்தாலும் றிம்முக்கு அடி படாது. பட் இது ஆரு ட்ரைவ் பண்ணுறது, நீங்களா?” இல்லை, வேலைக்கு நான் பஸ்ஸில் போகிறவன், இதை ஓட்டுகிறது என் மனைவி. “அன்ரி எத்தனை மணிக்கு வேலைக்குப் போறவ?” விடிய ஐந்தரைக்கு, ரூஜில் எங்கள் வீட்டிலிருந்து பிக்கரிங்குக்கு, அங்கே முதியோர் இல்லத்தில் சமையல். அவன் “ம்ம்” என்று கண்ணாடிக்கு அப்பால் தொங்கிய காரைப் பார்த்தான். ஐந்தரைக்குப் பனி உருக உப்புக் கொட்டுகிற லொறியும் சில நாள் வந்திருக்காது. உரசிக்கொண்டே போகிற சில்லு, இடுக்கில் பனி இறுகினால், வளைக்க வேண்டிய இடத்தில் வளையாவிட்டால்… சே, என்ன நினைப்பு இது, காலையில்.

தவமணிக்குப் போன் எடுத்தார், காரை இவரிடம் விட்டுவிட்டு இன்றைக்கு அவள் கூட வேலை செய்கிறவளோடு போயிருந்தாள், பின்னால் பெரிய சட்டிகள் மோதும் சத்தம், அவளும் களைத்துத்தான் இருந்தாள், குரலிலேயே தெரிந்தது. அண்ணையின் டயர் முழுதாக வளைக்கும்போது உரசுமாம் என்றார். “அண்ணை கேட்டால் என்ன சொல்லுவியள்?” அதுதான் எனக்கும் தெரியவில்லை, நீ என்ன சொல்கிறாய்? “நான் என்னத்தைச் சொல்ல, எனக்கு ஒண்டுமில்லை, எப்பிடியும் ஓடுவன்… இஞ்சாருங்கோ, இஞ்சை வேலையிடத்து வாசல்லை ஒரு ஏத்தம் கிடக்கு, முழுசா வளைச்சுத்தான் ஏறவேணும், பக்கத்திலை மதில்…” என்று இழுத்தவள், “சரி வைக்கிறன், சூப் பொங்குது” என்று வைத்துவிட்டாள். எனக்கு ஒண்டுமில்லை. எத்தனை வருடமாகச் சொல்கிறாள் இதை. மச்சானின் மனைவி தந்த விண்டர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டும் இதைத்தான் சொன்னாள், ஒரு சைஸ் பெரியது, காலில் இரண்டு சோடி மேசு மாட்டியதற்கு மேலே நுனியில் பழைய துணியும் அடைத்துக்கொண்டு, சிறிக்கு இரவு ஷிப்ட் இல்லாத நாள்களில், விடிய ஐந்தரைக்கு அவள் படியால் இறங்கும்போது டொக் டொக் என்று குதி அடிக்கும், அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சிறி மறுபக்கம் திரும்பிப் படுப்பார், ஓ, தவமணி போகிறாள் என்று. அது சப்பாத்து காலை விட்டுக் கழன்று அடிக்கிற சத்தம் என்று ஏன் ஒருநாளும் தோன்றவில்லை? இத்தனை விண்டர் அந்தக் காலோடுதான் பிறேக்கை மிதித்திருக்கிறாள்…

“அங்கிள், டிசைட் பண்ணியாச்சா?” ஜதுர்சன் வாசலில் நின்றான். சிறி எழும்பினார். வேண்டாம் தம்பி, புதிசாகவே போடு, காருக்குச் சரியானதைப் போடு. சொல்லி முடித்ததும், வாய் சொல்லியதைக் காது கேட்டு ஆச்சரியப்பட்டது. “ஓகே, என்ன சைஸ்?” அவ்வளவு சாதாரணமாகத்தான் கேட்டான், ஆனால் சிறி முழித்தார், என்ன சைஸ் என்றால்… ஆறு வருடமாக வைத்திருக்கிற கார். ஜதுர்சன் சிரித்துக்கொண்டு உயர்த்தியைக் கீழே இறக்கி, சாரதிக் கதவைத் திறந்து, கதவுத் தூணின் ஓரத்தில் ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கரைக் காட்டினான், தவமணி தினமும் ஏறி இறங்குகிற இடம், அங்கேயே எழுதியிருக்கிறது, இருநூற்று இருபத்தைந்து, அறுபத்தைந்து, பதினேழு. பதினேழு இன்ச்சாம். இன்னும் சின்னன் போடலாமா என்று கேட்டார், ஏதோ வந்த துணிவில். “பதினாறு போட்டால் பிறேக் இடிக்கும் அங்கிள், இந்தக் காருக்கு இதுதான் அளவு.” இதுதான் அளவு. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த இலக்கங்களை இன்னொருமுறை வாசித்தார், யாரோ தவமணியை அளந்து எழுதி வைத்ததுபோல இருந்தது.

இரும்பு றிம், கறுப்பு, ஒரு வடிவும் இல்லை, அடுப்புச் சட்டி மாதிரி. பூட்டிக்கொண்டிருக்கும்போதே மச்சானின் போன் வந்தது, வராமல் இருக்குமா, எடுக்காமல் விட்டால் மூன்றுமுறை எடுப்பார். “என்ன சிறி, பூட்டியாச்சோ?” ஓம் மச்சான், பூட்டியாச்சு. “எப்பிடி நிக்குது?” நல்லா நிக்குது. “நான் சொன்னனான்தானே! இனித் தங்கச்சி பயமில்லாமல் ஓடுவாள்.” ஓம் மச்சான், இனிப் பயமில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வருகிற சனிக்கு இன்னும் ஏழு நாள் கிடக்கிறது, அதற்குள் ஏதாவது யோசிக்கலாம், காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போகலாமா, அல்லது நேரே சொல்லிவிடலாமா, மச்சான், உங்கள் அன்பு பெரிசு, எங்கள் கார் சின்னன்… சொல்ல வருமா வாய்? ஜதுர்சன் அந்த நாலு சில்லையும் காட்டி, “இதை இங்க விட்டிட்டுப் போங்கோ அங்கிள், வேற ஆரும் பெரிய வண்டிக்காரருக்குப் போகும்” என்றான். விட்டிருக்கலாம். ஆனால் கை தானாக மறித்தது, இல்லைத் தம்பி, நல்ல சாமான், ஏற்றிவிடு. காரின் கோடைச் சில்லுகள் வசந்தம்வரை கராஜிலேயே நிற்கும் என்றார்கள், பின் சீற்றை மடித்து மச்சானின் நாலையும் அடுக்கினார்கள், கார் பின்பக்கம் கொஞ்சம் பதிந்தது.

கராஜை விட்டு வெளியே எடுக்கும்போது வானம் பழைய அலுமினியத் தட்டு மாதிரிக் கிடந்தது, இதை எங்கே கொண்டுபோய் வைப்பது, வீட்டில் வைத்தால் மச்சான் வருவார், காண்பார்… அந்த நேரம் பார்த்துத்தான் கிருஷாந்தின் அழைப்பு, காரின் ஸ்பீக்கரில் கணீரென்று. வேர்ஹவுசில் கூட வேலை செய்கிறவன், மட்டக்களப்பில் இருந்து இந்தக் கோடையில்தான் வந்தவன், போன கிழமை ஒரு பழைய சின்னக் கார் வாங்கியிருந்தான். “அண்ணன், ராவைக்குப் பனியாமே, விண்டர் டயர் எங்க மலிவா எடுக்கலாம்? எனக்கு ஒண்டும் விளங்குதில்ல.” சிறி யோசிக்கவே இல்லை, வாய் தன்பாட்டில் திறந்தது. “நீ ஏன் வாங்கிறாய் கிருஷாந்? என்னட்டை நாலு கிடக்கு, றிம்மோடை, நல்ல சாமான், சும்மா தாறன். உனக்கெண்டுதான் வைச்சிருக்கிறன்.” “ஐயோ, ஒங்களுக்கு என்னத்துக்கு அண்ணன் கரச்சல்… ம்ம், சரி. தாங்க அண்ணன்.” போன் நின்றது. அந்த ‘ம்ம், சரி’… எங்கே கேட்டிருக்கிறார் அதை? வேறு யாருடைய குரலிலும் இல்லை, எயார்போட்டில், கையை மூடித் தொங்கிய ஜக்கெட்டுக்குள் நின்றுகொண்டு, தானே சொன்னது அது, அதே சுருதி, அதே இழுவை. அப்படியானால் இப்போது பேசியது யார்? உனக்கெண்டுதான் வைச்சிருக்கிறன்… கையை உதறினாரா, இல்லை, கை ஸ்டியரிங்கில் இருந்தது. மச்சானுக்கும் ஒருகாலத்தில் யாரோ எதையோ இப்படித்தான் உருட்டிக்கொண்டுவந்து கொடுத்தார்களோ, அவரும் வைக்க இடமில்லாமல்தான்…

திரும்ப எடுக்கலாம், ஒரே ஒரு கேள்விதான், உன்ரை காருக்கு என்ன சைஸ் தம்பி, கதவைத் திறந்து பார், தூணிலே எழுதியிருக்கும். கேட்டால் அவன் பார்ப்பான், பார்த்தால் சொல்வான், சொன்னால் இந்த நாலும் இங்கேயே கிடக்கும். விரல் போனுக்கு மேலே நின்றது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான், சிக்னலில் பச்சை விழுந்து எவ்வளவு நேரமோ. சிறி ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுதாக, போகும்வரை, வளைத்து, ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தார். உரசவில்லை. ஒரு நூல் அளவுகூட இல்லை. பின்னால் அந்த நாலு சில்லுகள் மட்டும் சரிந்து, ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொண்டன.