இட்லிப்பூ வேலி

வெளியே அரிவாள் விழும் சத்தம் கேட்டதும் அம்புஜம் அம்மாவின் தலைமாட்டிலிருந்து எழுந்து ஓடினாள்.

மதிலை ஒட்டி இடுப்புயரத்துக்கு நின்ற இட்லிப்பூச் செடிகளை ஓர் ஆள் வெட்டிக்கொண்டிருந்தான். பாதி வரிசை சாய்ந்துவிட்டது. சிவப்புப் பூக்கொத்துகளின் மேல் துக்கத்துக்கு வந்தவர்களின் செருப்புகள் கிடந்தன.

"யாரு வெட்டச் சொன்னது?"

"சார்தான் சொன்னாரும்மா."

அண்ணன் ரகுராம் ஷாமியானாக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான். "வண்டி உள்ள வரணும்ல, அம்புஜம். பாடிய ரோட்டுல வெச்சா ஏத்துறது?"

"அம்மான்னு சொல்லுண்ணா."

அவன் மாருதி கார் வாங்கிய நாளிலிருந்தே, அதை நிறுத்த அந்த இடத்தின் மேல் கண். அம்மா மசியவில்லை. போர்வெல் தண்ணீரில் இலை மஞ்சளாகிறதென்று, மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்துவைத்து ஊற்றி வளர்த்தவள். பூத்து ஓய்ந்த கொத்துகளை நறுக்குவதற்கு மருமகளிடம்கூடக் கத்தரிக்கோலைத் தரமாட்டாள். 'நான் இருக்கிற வரைக்கும் கை வெக்காதே' என்று போன தீபாவளிக்கும் சொன்னாள்.

"இருக்கிற வரைக்கும்னுதானே சொன்னாங்க?" ரகுராம் குரலைத் தாழ்த்தினான்.

"உள்ளதாண்ணா இருக்காங்க. இன்னும் குளிப்பாட்டக்கூட இல்ல."

ரத்தினம்மாள் சித்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "சாவு வீட்டுல செடிக்காடி சண்டை? நாலு பேரு பாக்குறாங்க."

"பாக்கட்டும் சித்தி."

அம்புஜம் அரிவாளைப் பிடுங்கி டிரம்முக்குள் போட்டாள். அந்த நேரத்துக்குள் வேலி மூலையில் ஒரே ஒரு செடிதான் மிஞ்சியிருந்தது.

மதியம் வண்டி வந்தது. டிரைவர் கேட்டை ஒருமுறை பார்த்தார். "உள்ள விட்டா திருப்ப முடியாது சார். இங்கியே ஏத்திடலாம்."

தூக்கி வந்தவர்கள், வெட்டுப்பட்ட கட்டைகள் காலில் குத்தாமல் ஒதுங்கி ஒதுங்கி அம்மாவைத் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். அம்புஜத்துக்கு அழுகை வரவில்லை.

சாயங்காலம், வீடு கழுவி முடித்த நேரத்தில், மயானத்திலிருந்து ரகுராமின் கார் திரும்பியது. கேட்டுக்குள் பின்பக்கமாக மெல்ல நுழையத் தொடங்கியது. அம்புஜம் போய், மிஞ்சிய செடிக்கு முன்னால் ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

ஹாரன் அடித்தது. பிறகு அவன் தலையை வெளியே நீட்டினான். "எழுந்திரு, அம்புஜம்."

அவள் புடவை முந்தானையை இழுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

காரின் முன்பாதி தெருவை மறித்து நிற்க, ஓர் ஆட்டோ வழி கேட்டுக் கத்தியது. அதன் பின்னால் இன்னொன்று. ரகுராம் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கார் முன்பக்கமாக நகர்ந்து, கேட்டைத் தாண்டி, எதிர்வீட்டு மதிலோரம் போய் நின்றது.