புரியாததைக் கேட்பவள்

கல்லூரியில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு மூத்த மாணவியைத் துணையாகப் போட்டார்கள். வேதியியல் மூன்றாம் ஆண்டிலிருந்து வெண்மதியைத் தேர்ந்தெடுத்தார்கள். வகுப்பில் அவள் வாயைத் திறந்ததே இல்லை. பொறுப்பான பெண் என்று துறைத்தலைவர் எடுத்துக்கொண்டார். அவள் பொறுப்பில் வந்தவள் முதலாண்டு மாணவி, மொரப்பூர் சசிகலா.

மூத்த மாணவிகளுக்கு நடந்த பயிற்சிக் கூட்டத்தில் சொன்னதை வெண்மதி அவளிடம் அப்படியே ஒப்பித்தாள். "புரியலைன்னா தைரியமா எந்திரிச்சு கேளு. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

மறுநாளே வேதியியல் வகுப்பில் சசிகலா எழுந்து, "மோல்னா என்னங்க சார்?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்க வேண்டிய அளவு அது; வகுப்பே சிரித்தது. சாரும் கொஞ்சம் சிரித்தார். அதன்பிறகு அவள் கல்லூரிப் பக்கம் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெண்மதி மொரப்பூருக்குப் பஸ் ஏறினாள். வாசலில் தக்காளி பிரித்துக்கொண்டிருந்த சசிகலாவின் அம்மா ராணியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்திரிச்சு நிக்கச் சொன்ன அக்கா நீதானா?"

"ஆமாங்க."

"உக்காரு கண்ணு. டீ குடி. ஓசூர் கம்பெனி பஸ்ஸு எங்க வூட்டுகிட்டயே வருது. அடுத்த வாரத்துல இருந்து இவ வேலைக்குப் போறா. அங்க யாரும் கேள்வி கேக்கச் சொல்ல மாட்டாங்க."

சசிகலா கதவோரம் நின்றாள். வெண்மதி பயிற்சியில் கேட்ட மற்ற வாக்கியங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். தன்னம்பிக்கை பற்றி ஒன்று, எதிர்காலம் பற்றி ஒன்று. சசிகலா எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டு முடித்தாள்.

"அக்கா, நீங்க எப்பவாச்சும் கேட்டிருக்கீங்களா?"

வெண்மதி டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இல்ல."

"அப்ப நாளைக்குக் கேளுங்க. எனக்குப் போன் போட்டு ஆன்ல வச்சுட்டுக் கேளுங்க. நான் கேட்டுட்டு முடிவு பண்றேன்."

திரும்பும் பஸ்ஸில் வெண்மதி யோசித்துப் பார்த்தாள். ஊர்க் கல்யாணங்களில் "என்னைத் தெரியுதா கண்ணு?" என்று யாராவது கன்னத்தைப் பிடித்தால், தெரியாமலே தலையாட்டுவாள். வகுப்பிலும் அதைத்தான் செய்துவந்திருக்கிறாள். ஒருமுறை ஆட்டிவிட்டால் பிறகு நிறுத்த முடிவதில்லை. நிறுத்தினால் இதுவரை ஆட்டியதெல்லாம் பொய் என்றாகிவிடும். தன் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டு, இன்னொருத்தியை உண்மை பேச அனுப்பியிருக்கிறாள்.

திங்கட்கிழமை வகுப்பில் சசிகலாவுக்குப் போன் போட்டு, அதை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"என்னம்மா, வெளியே போகணுமா?" என்றார் சார்.

"இல்லைங்க சார். எண்ட்ரோபின்னா என்னங்க?"

"ஒரு மாசமா அதத்தானே நடத்துறேன்."

"நடத்துனீங்க சார். புரியல."

சார் சாக்பீஸைக் கையில் உருட்டினார். பிறகு போர்டைத் துடைத்துவிட்டு, முதலிலிருந்து தமிழில் சொல்ல ஆரம்பித்தார். ஒரு மாதமாகத் தலையாட்டிக்கொண்டிருந்த வகுப்பு மொத்தமும் குனிந்து எழுதியது.

வகுப்பு முடிந்ததும் போனைக் காதில் வைத்தாள்.

"இருக்கியா?"

"இருக்கேன். யாரும் சிரிக்கல."

"இல்ல."

"எனக்கு மட்டும் சிரிச்சாங்க."

இதற்குப் பதிலை வெண்மதிக்குப் பயிற்சியில் சொல்லித்தரவில்லை. "ஆமா. சிரிச்சாங்க," என்றாள்.

அந்தப் பக்கம் தக்காளிக் கூடை இழுபடும் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு இப்பப் புரிஞ்சுதாக்கா?"

"பாதி."

"மீதிய எப்பக் கேப்பீங்க?"

"நாளைக்கு."

"சரி," என்றாள் சசிகலா. "நானும் நாளைக்கே வந்து கேக்கறேன். அந்த மோலு என்னன்னு பாத்துடலாம்."