மலைக்கோட்டைக்குப் போகவிருந்த ஞாயிறு

குணசேகரன் குவைத்திலிருந்து வந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. புதன்கிழமை திரும்ப விமானம். வந்த நாள் முதல் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் பார்ப்பது, ரேஷன் கார்டில் பெயர் திருத்துவது என்று நாட்கள் கரைந்துபோயின. மிச்சம் இருந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையை மகள் இளமதி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"மலைக்கோட்டை போறோம்ப்பா. நாம மூணு பேரும் மட்டும். மாமா வீடு, சித்தி வீடுன்னு யாரையும் கூப்பிடக் கூடாது."

கீரனூரை அடுத்த அவர்கள் ஊரிலிருந்து திருச்சி ஒரு மணி நேரப் பயணம்தான். பஸ் ஜன்னல் வழியாக அந்த மலையை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஏறியது கிடையாது. பிளஸ் டூ முடித்துவிட்டாள். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் கல்லூரி, விடுதி. குணசேகரனுக்கு அடுத்த பெரிய லீவு இரண்டு வருடம் கழித்து. மூன்று பேரும் சேர்ந்து ஓர் இடத்துக்குப் போவதென்றால் இந்த ஞாயிறுதான். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து இளமதி போனில் திட்டம் எழுதினாள்.

"ஆறரை மணி பஸ்ஸு. எட்டு மணிக்கெல்லாம் அடிவாரம். வெயில் ஏறுறதுக்குள்ள நாம ஏறிடணும்."

"ஒங்கப்பாவுக்கு மூச்சு வாங்கும். தாயுமானவர் சன்னதியில அரை மணி நேரம் உக்காரணும்னு சேத்து எழுது" என்றாள் திலகவதி, அவர் மனைவி.

"நான் அங்க தினம் நாலு மாடி ஏறி எறங்குற ஆளு. ஒங்கம்மாவைத்தான் தூக்கிட்டுப் போகணும்."

"தூக்கிப் பாருங்களேன். புதன்கிழமை ஃபிளைட்டு ஏற இடுப்பு இருக்காது."

இளமதி சிரித்தபடி அதையும் எழுதிக்கொண்டாள்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. ஞாயிறு முழுக்க ஆடுகளுக்குத் தீனி போட ஆள் வேண்டும். திலகவதி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஞானமணியைக் கூப்பிட்டுச் சொன்னாள். ஞானமணி கையைத் துடைத்துக்கொண்டே வேலியோரம் வந்தாள்.

"ஆட்டை நான் பாத்துக்கிறேன், அது கெடக்கட்டும். மலைக்கா போறீங்க? ஒங்களுக்கு இன்னும் வருசம் திரும்பலையே."

"யாருக்கு?"

"மாசியிலதானே அடைக்கலம் அண்ணன் தவறுனாரு. நீங்க பங்காளி இல்லையா?"

மகள் போட்ட திட்டத்தின் சந்தோஷத்தில் திலகவதிக்கு அது நினைவுக்கே வந்திருக்கவில்லை. திரும்பி வந்தாள். வாசலில் இருந்த இருவரும் கேட்டிருந்தார்கள்.

பங்காளிகளில் ஒருவர் இறந்தால் வருடத் திதி முடியும்வரை மலைமேல் இருக்கும் கோயிலுக்கு ஏறுவதில்லை என்பது அவர்கள் வழக்கம். அடைக்கலம் குணசேகரனின் பெரியப்பா மகன். அதே தெருவில் ஆறு வீடு தள்ளி வீடு. ஒன்பது வருடத்துக்கு முன் பொதுக் கிணற்றில் மோட்டார் போடும் முறை யாருடையது என்பதில் வார்த்தை தடித்தது. அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதற்கும் இரண்டு வீட்டுக்காரர்களும் போனதில்லை, வந்ததில்லை. சாவுச் செய்தியைக் குணசேகரன் குவைத்தில் போனில் கேட்டார். "ம்" என்றார். பிறகு கரண்டு பில் கட்டியாச்சா என்று விசாரித்தார்.

"நமக்கும் அவங்களுக்கும் என்ன இருக்கு?" என்றார் இப்போது. "செத்ததுக்குப் போகல. பதினாறுக்குச் சொல்லல. அப்பறம் என்ன தீட்டு?"

"அப்பா, கோயிலுக்குள்ள போகாம மேல கோட்டையை மட்டும் பாத்துட்டு வந்துருவோமா?" என்றாள் இளமதி.

"நானூறு படி ஏறிப் போயி, பிள்ளையாரு வாசல்ல நின்னு, ஒங்களைப் பாக்க வரலைன்னு சொல்லுவியாடி?" என்றாள் திலகவதி.

"அப்ப சித்தன்னவாசல்? அங்க கொகை ஓவியந்தானே, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"எதுக்கு? நாம மலைக்கோட்டைதான் போறோம்" என்றார் குணசேகரன். "கேக்குறவனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

திலகவதி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"பதினாறுக்குச் சொல்லலைன்னு சொல்லாதீங்க. எண்ணெயும் சீயக்காயும் வந்துச்சு. அவங்க மக கொண்டாந்து குடுத்துச்சு."

காரியத்தன்று பங்காளி வீடுகள் எல்லாவற்றுக்கும் எண்ணெயும் சீயக்காயும் அனுப்புவார்கள். அதைத் தேய்த்துத் தலைமுழுகினால், இறந்தவர் எங்களைச் சேர்ந்தவர் என்று அர்த்தம்.

"வாங்குனியா?"

"வாங்குனேன். தலையும் முழுகிட்டேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னா போன்லயே கத்துவீங்க. அங்கிட்டு ரூம்ல எட்டுப் பேரு இருப்பாங்கன்னுதான் விட்டுட்டேன்."

குணசேகரன் கத்தவில்லை. எழுந்து போய் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். அவர் எப்போதும் சாமி கும்பிடாமல் வெளியே இறங்காத மனிதர். குவைத்தில் கட்டிலுக்கு மேல் சின்னப் பிள்ளையார் படம் ஒட்டி வைத்திருப்பவர். அடைக்கலத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்வது தன் கையில் இருந்தது, நிறுத்தினோம்; பங்காளி என்பது அப்படி இல்லை என்று நினைத்தார். தீட்டு இல்லை என்று சொல்லி மலை ஏறினால், செத்தவன் எனக்கு ஒன்றுமில்லை என்று பிள்ளையாரிடமே நேரில் போய்ச் சொன்ன மாதிரி ஆகும். அந்தப் பொய்யைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் மகளிடம் சொன்னார்.

"மதி, மலைக்கு வேணாம்மா. அடைக்கலம் அண்ணன் வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போகணும். நாளைக்கு மூணு பேரும் போவோம்."

இளமதி போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண் கலங்கியதை அவர் பார்த்தார். "சரிப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். ஆறு வீடு. அடைக்கலத்தின் மனைவி பொன்னுத்தாய் முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் முறத்தை ஒதுக்கிவிட்டு எழுந்து, உள்ளே பாயை விரித்தார். சுவரில் அடைக்கலத்தின் படம். குணசேகரன் அதன் எதிரில் கை கட்டி நின்றார்.

"எண்ணெய் குடுத்து விட்டீங்களாம் மதினி. முந்தாநாள்தான் எனக்குத் தெரியும்."

"ஆமா தம்பி. பெரியவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. அந்த வீட்டுல வாங்க மாட்டாங்க, வாங்குனாலும் கொட்டிருவாங்கன்னாங்க. ஏழு பங்காளி வீட்டுல ஆறு வீட்டுக்குக் குடுத்துட்டு ஒண்ணை விட்டா அவரு காரியம் எப்படி நிறையும்? கொட்டுனா கொட்டட்டும்னு நாந்தான் அனுப்புனேன்."

"கொட்டல அக்கா" என்றாள் திலகவதி.

"தெரியும். அன்னிக்கு ஈரத்தலையோட கொடியில துணி காயப்போட்டியே. இங்கிட்டு நின்னு பாத்தேன்."

திலகவதி அழுதாள். பொன்னுத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சாவன்று நடந்திருக்க வேண்டியது நாலு மாதம் கழித்து நடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து பொன்னுத்தாய் இளமதியைப் பார்த்தார்.

"இன்னிக்கு மலைக்கோட்டை போறீங்கன்னு ஞானமணி சொன்னாளே."

"போகல பெரியம்மா."

"இதுக்காகவா? அடி பைத்தியம். சின்னப் புள்ளை ஆசைப்பட்டிருக்கு, போய்ட்டு வாங்க தம்பி. நானே சொல்றேன், யாரு என்ன கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க மதினி" என்றார் குணசேகரன். "ஒரு வருசம் போகக் கூடாதுன்னா போகக் கூடாது. அண்ணனுக்கு நான் செஞ்சது வேற ஒண்ணும் இல்ல. இதையாவது செய்றேன்." பிறகு, "மாசியில திதிக்கு வாரேன். பத்து நாளு லீவு கேக்குறேன்" என்றார்.

"நடுவுல லீவு எடுத்தா அடுத்த பெரிய லீவு தள்ளிப் போகும்னு சொன்னீங்களே" என்றாள் திலகவதி மெதுவாக.

"போகட்டும்."

"நானும் ஹாஸ்டல்ல லீவு சொல்லிட்டு வந்துருவேன்" என்றாள் இளமதி. "திதி முடிஞ்சதும் எல்லாருமா மலைக்குப் போவோம். பெரியம்மாவும் வரணும்."

"எனக்கு முழங்காலு மடங்காது தாயி."

"படியில ஏறுறதுக்கு மடங்கணும்தான். ஆனா நமக்கு நாள் முழுக்க நேரம் இருக்குல்ல, ஒவ்வொரு படியா ஏறுவோம்."

பொன்னுத்தாய் சிரித்துவிட்டார். கணவர் போன பிறகு அந்த வீட்டில் அப்படி யாரும் அவரிடம் பேசியிருக்க மாட்டார்கள்.

காபி குடித்துவிட்டு மூவரும் எழுந்தார்கள். துக்கம் கேட்கப் போன வீட்டிலிருந்து யாரும் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. குணசேகரனும் பேசாமல் வெளியே வந்து, தலை குனிந்து செருப்பைத் தேடினார்.

பின்னால் வாசல்வரை வந்த பொன்னுத்தாய் சொன்னார்: "சொல்லிட்டே போங்க தம்பி."

அவர் ஒரு காலில் செருப்போடு நின்று திரும்பினார்.

"போய்ட்டு வாரேன் மதினி."