இரவல் அடைக்கோழி

சேவலின் காலைப் பிடித்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள் பக்கத்து வீட்டுத் தையல்காரி. கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். "உத்துப் பாரு. சிமெண்டு பூசின மாதிரி இருக்கு. நொண்ட ஆரம்பிச்சுடுச்சு. உங்க அடைக்கோழி வந்து உட்கார்ந்துட்டுப் போன பிறகுதான் இதெல்லாம்." அவள் வீட்டுக் கோழி எதுவும் அடைக்கு உட்காராமல் போனதால், மழைக்கு முன்னால் எங்கள் சாம்பல் பெட்டையை இரவல் வாங்கிப் போயிருந்தாள். குஞ்சுகள் பெரிதானதும் திருப்பிக் கொடுத்தாள். அது நல்லபடியாகத்தான் முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். யாராவது பார்த்தால் எனக்குக் குரல் தானாக ஏறும்.

"எங்க கோழிக்கு ஒரு நோயும் கிடையாது அத்தை. நீங்க கூண்டைக் கழுவி எத்தனை மாசமாச்சு, அதைச் சொல்லுங்க முதல்ல. உங்க பக்கத்துச் சன்னலை நாங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் திறக்கிறோம்."

எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். தையல்காரியின் முகம் சுண்டிப்போனது. "நீ நிறுத்து. உங்கம்மா பேசட்டும். அவங்க கையிலதானே கோழி வாங்கினேன்?"

அம்மா என் பின்னால் ஈரக் கையோடு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பே எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "அவங்க பேசமாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே வந்து நிக்கிறீங்க?" என்றேன். தையல்காரி என்னைப் பார்க்கவே இல்லை. "படிச்ச பொண்ணைப் பெத்து வச்சிருக்கீங்க அக்கா, சந்தோஷமா இருங்க. மண்ணெண்ணெய்ல காலை முக்கி எடுத்து என் சேவலை நானே பார்த்துக்கறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் கைபேசியை எடுத்தேன். தேடத் தேடக் கோழிக்கால் படங்களாக வந்தன. செதிலுக்கு அடியில் குடைந்து குடியிருக்கும் பூச்சி, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. செதில் தூக்கும், வெள்ளையாகப் பொருக்குக் கட்டும், கால் தடிக்கும், விட்டுவிட்டால் நகமும் விரலும் போகும். ஒரே கட்டையில் ஒட்டி உட்காரும் கோழிகளுக்கு மெல்ல மெல்லப் பரவும், மாதக்கணக்கில். கொல்லைக்குப் போய்ச் சாம்பல் பெட்டையைப் பிடித்தேன். பக்கத்தில் நின்ற இளங்கோழியின் கால் ஓடு வேய்ந்த மாதிரி வழவழவென்று படிந்திருந்தது. பெட்டையின் காலில் ஒவ்வொரு செதிலும் எழும்பி நின்றது. விரலை ஓட்டினால் மரப்பட்டை மாதிரிச் சொரசொரத்தது. சேவலைவிட மோசம்.

அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இது எப்போலேருந்து இப்படி இருக்கு?" என்று அதட்டினேன்.

"உன்கிட்டதான் காட்டினேனே."

"எப்ப?"

"அவ அடைக்குக் கேட்டப்போ. கொடுக்கலாமான்னு கேட்டேன். வயசாச்சும்மா, கால் அப்படித்தான் இருக்கும், கொடுன்னு சொன்னே. நீ சொன்னியேன்னு கொடுத்தேன்."

அவள் குரலில் குறை எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கு ஞாபகம் வந்தது. அலுவலகத்துக்கு ஓடும் அவசரம், ஒரு காலில் செருப்பு, காதில் போன். அம்மா கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்றாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் எதற்கும் கடைசி வார்த்தை என்னுடையதுதான். மின்சார ரசீதோ மாத்திரை அட்டையோ, அப்பாவின் எக்ஸ்ரேயோ, எல்லாவற்றையும் என் முன்னால்தான் நீட்டுவார்கள். நான் படித்தது வணிகவியல். அதற்கும் எக்ஸ்ரேவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வீட்டில் நாலு பேர் வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்த பெண் ‘எனக்குத் தெரியாது’ என்றால் நன்றாகவா இருக்கும்? அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பழகிவிட்டேன். பெரும்பாலும் சரியாகவே இருந்து தொலைத்தது.

"இன்னைக்கு வாசல்ல அத்தை கேட்டப்போ ஏம்மா சொல்லல?"

"தெருவே பார்த்துட்டு நிக்குது. என் பொண்ணு சொல்லித்தான் கொடுத்தேன்னு சொல்லவா?"

ஒரு பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர், சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ், ஒரு டப்பா வாசலின். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகத் தையல்காரியின் கொல்லைக்குப் போனேன். முன்வாசல் வழியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. மண்ணெண்ணெய் டின்னைத் திறந்து வைத்திருந்தாள்.

"அது வேண்டாம் அத்தை. தோல் வெந்துடும்."

"தீர்ப்பு சொல்ல இங்கயும் வந்துட்டியா?"

சேவலை வாங்கி மடியில் வைத்துக் காலை வெந்நீரில் ஊறவிட்டேன். அவள் தடுக்கவில்லை. அவளுக்குச் சேவல் பிழைக்க வேண்டும். பொருக்கைப் பிய்த்தால் ரத்தம் வரும் என்றேன். பிரஷால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் துடைத்து, செதிலுக்கு அடியில் போகிற மாதிரி வாசலினை அப்ப வேண்டும், உள்ளே பூச்சி மூச்சு முட்டிச் சாகும் என்றேன். ஒரு தடவையில் போகாது, சில வாரமாவது விடாமல் செய்யணும், உட்காரும் கட்டையைச் சுத்தம் பண்ணணும், கீழே கிடக்கிற வைக்கோலைக் கொளுத்தணும், அப்படியும் கேட்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போகணும் என்றேன். நிறுத்தாமல் பேசினேன். நிறுத்தினால் மற்றதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

அவளே அதைத் தொட்டாள். "முந்தாநாள் குழாயடியில உங்கம்மாவை நல்லா கேட்டுட்டேன். தெரிஞ்சேதானே நோய்க்கோழியைத் தந்தீங்கன்னு. வாயே திறக்கல. அதான் தெரிஞ்சே பண்ணியிருக்காங்கன்னு முடிவு கட்டினேன்."

பிரஷ் நின்றது. "அம்மா என்னைக் கேட்டுட்டுத்தான் கொடுத்தாங்க அத்தை. வயசுன்னு சொன்னது நான்."

"பார்த்துட்டா சொன்னே?"

"பார்க்கல."

அவள் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவி விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தபடியே சேவலின் காலைத் துடைத்து வாசலினை அப்பினேன். திட்டியிருந்தால் தேவலை.

"இங்க யாரு இருக்கா? நானும் இந்தச் சேவலும்" என்றாள். "கூண்டு நாறுதுன்னு நீ சொன்னது வாசல்ல. எதிர்வீட்டு ஆளுங்க இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. உங்கம்மா பேரை நானும் அங்கதான் கெடுத்து வச்சிருக்கேன். இப்ப சொன்னதை அங்க வந்து சொல்லு."

அவள் தைத்து மிஞ்சிய துணி ஒன்றை எடுத்துச் சேவலைச் சுற்றி என் கையில் திணித்தாள். பிறகு வீட்டுக்குள் புகுந்து முன்கதவைத் திறந்தாள். தெருவின் வெளிச்சம் நடை முழுக்க வந்து விழுந்தது. வெளியே பேச்சுக் குரல் கேட்டது, யாரோ இருமினார்கள். அவள் கதவை ஒட்டி ஒதுங்கி வழிவிட்டு நின்றாள். நான் தையல் மிஷினைத் தாண்டி நடந்தேன். துணிக்கு வெளியே சேவலின் இரண்டு கால்களும் வாசலின் வழிய வழியத் தொங்கி, வெயில் பட்டதும் பளபளத்தன.