ஆறு கிலோவில் கழன்ற வயர்

பெரியவளுக்கு வயர் தொழிற்சாலையின் சோதனை அறையில் வேலை. வயர் முனையில் 'லக்' எனும் பித்தளைக் கொண்டியை அழுத்திப் பொருத்தி, தட்டுத் தட்டாக அனுப்புவார்கள். அதைக் கைப்பிடி இயந்திரத்தில் மாட்டி, கழன்று வரும்வரை இழுத்துப் பார்க்க வேண்டும். பத்து கிலோ இழுப்பைத் தாங்காவிட்டால் அந்தத் தட்டு முழுவதையும் ஒதுக்கிவிடுவார்கள்.

கொழுந்தன் மனைவி சின்னவள் அதே ஆலையில் லக் அழுத்தும் வேலைக்கு வந்ததிலிருந்து பெரியவளுக்கு நிம்மதி போயிற்று. வீட்டில் மாமியார் வாயைத் திறந்தால் சின்னவள் புராணம்தான். இங்கேயும் சின்னவளின் வயர்கள் பதினைந்து கிலோவரை அசராமல் நின்றன. மற்றவர்கள் தட்டில் ஐந்து வயரை இழுப்பவள், சின்னவள் தட்டென்றால் இருபதை இழுத்தாள். 'கழன்று தொலையேன்' என்று கறுவிக்கொண்டே இழுத்தாள்.

ஒரு திங்கட்கிழமை சின்னவள் தட்டில் முதல் வயரே ஆறு கிலோவில் கழன்றது. அடுத்தது ஐந்தில். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு. தட்டோடு மேற்பார்வையாளரிடம் போனாள்.

அவர் நிமிரவே இல்லை. "வீட்டுச் சண்டைய வீட்டோட வெச்சுக்கம்மா. வெடுக்குனு இழுத்திருப்பே."

"ஒழுங்காத்தான் இழுத்தேன் சார்."

"அவ தட்டுல மட்டும் இருபது இருபதா இழுக்கறது எனக்குத் தெரியாதா?"

முகம் எரிந்தது. அந்த வயர்கள் வாட்டர் ஹீட்டருக்குப் போகிறவை. பிடி தளர்ந்தால் சூடேறித் தீப்பிடிக்கும். விடவும் முடியவில்லை. வேறு வழியின்றிச் சின்னவள் மேசைக்கே போனாள்.

"நீயே வந்து இழுத்துப் பாரு."

சின்னவள் முகம் சுளிக்காமல் வந்தாள். நிதானமாக இழுத்தாள். ஆறு கிலோவில் வயர் கையோடு வந்தது. அதை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனாள்.

"அக்கா சொல்றது சரி சார். என் மெஷின்ல லக்கை அழுத்துற அச்சு தேஞ்சிருக்கும் போல. காலையிலேர்ந்து போட்டது எதையும் அனுப்பாதீங்க."

மேற்பார்வையாளர் பதறி எழுந்தார். பத்து வருஷ அனுபவக்காரி சொன்னபோது அசையாத மனுஷன், நேற்று வந்தவளின் ஒரு வார்த்தைக்கு ஆலையையே நிறுத்தினார்.

சாயங்காலம் சின்னவள் நடந்ததையெல்லாம் மாமியாரிடம் சொன்னாள். "அக்கா விடாம நின்னாங்க அத்தை. இல்லேன்னா யார் வீடாவது எரிஞ்சிருக்கும்."

மாமியார் சின்னவளின் கன்னத்தை வழித்தாள். "தப்பு தன் பக்கம்னு சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேணும், பாரு."

பெரியவள் கொல்லைப்பக்கம் போனாள். கொடியிலிருந்து காய்ந்த துணிகளை எடுத்து வந்தாள், சின்னவளுடையதை மட்டும் விட்டுவிட்டு.